நன்றியுரையில் ஒரு பெயர்

அதிகாரி உத்தரவு போட்டால் சிப்பாய் எதையும் செய்துவிடலாமா? எட்டு வருஷம் நான் ஆராய்ச்சி செய்தது இதைத்தான். தத்துவம் நடத்துகிற பொம்பளைக்குத் துப்பாக்கி சமாச்சாரம் எதற்கு என்று தாம்பரத்தில் எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமிலேயே சிரித்தார்கள். சிரிக்கட்டும், டாக்டர் பட்டம் வந்தால் வாயை மூடுவார்கள் என்றிருந்தேன்.

ஆய்வேட்டின் உயிரே நான்காம் இயல்தான். அதில் வருகிற சிப்பாய் முடிச்சூர் வீராசாமி. பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்ட ஒரு வீட்டைச் சுடச் சொன்னபோது மாட்டேன் என்றவர். விஷயம் பெரிதாகாமல் இருக்க, உடம்பு சரியில்லை என்று எழுதி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை வாங்கியிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பேர் மட்டும் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். சத்தியம் செய்து கொடுத்தேன்; நான்காம் இயலில் வெறும் 'ஒரு சிப்பாய்' என்றுதான் எழுதினேன்.

சத்தியம் செய்த லட்சணத்தைக் கேளுங்கள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எல்லாருக்கும் நன்றி சொல்வது எங்கள் வழக்கம். என் நெறியாளர் தனசிங் சாரின் மனைவி காபி கொடுத்ததற்கு நன்றி, டைப் அடித்த சுந்தரவல்லிக்கு நன்றி. அந்த ஜோரில், 'பட்டாள அனுபவங்களைப் பகிர்ந்துகொண்ட முடிச்சூர் வீராசாமி' என்றும் எழுதித் தொலைத்தேன். ஐந்து பிரதியும் பைண்டாகிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. எனக்கெல்லாம் எதற்கு அறவியல்?

1991 மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நான் கூப்பிட்டதால் வீராசாமியும் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பட்டாளத்தில் கர்னலாக இருந்தவராம். எடுத்த எடுப்பில் முதல் பக்கத்தைத்தான் திருப்பினார்.

"நாலாம் இயல் சிப்பாய் இந்த வீராசாமிதானே? அவன் ரெஜிமென்ட்டுக்கு எழுதி விசாரிக்கிறேன்."

விசாரித்தால் அந்த 'உடம்பு சரியில்லை' காகிதம் பொய்யென்று ஆகிவிடும், வாட்ச்மேன் வேலையும் போய்விடும். தனசிங் சாரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும், வீராசாமி பேசின டேப்பையே கேட்டவர். மனுஷன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

"இல்லை சார். அவர் முகாம் சாப்பாடு, டிரில் பற்றித்தான் சொன்னார். அந்தச் சிப்பாய் என் கற்பனை" என்றேன்.

அவ்வளவுதான். ஆதாரத்தைக் கட்டிவிட்டவளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தரும்? எட்டு வருஷ உழைப்பை அரை மணியில் நிராகரித்துவிட்டார்கள். போகட்டும், ஒரு மனுஷனின் பிழைப்பைக் காப்பாற்றினோமே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன். வீராசாமி வாசலில் நின்றிருந்தார். நன்றி சொல்லத்தான் நிற்கிறார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல?

இனி வேலைக்கு ஆபத்தில்லை என்றேன். அதுவரை வாங்க போங்க என்று பேசியவர் முதல் தடவையாக என்னை நீ என்றார்.

"பேரச் சொல்லாதன்னுதானக்கா சொன்னேன். நடக்கவே இல்லன்னு சொல்லச் சொன்னனா? நா பொறந்து செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான் கீது. அதையும் பொய்யின்னுட்டியே நீ."

பஸ் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டார்.