ஆற வைக்கவும்

தம்பி கொண்டுவந்து வைத்த மூன்று குப்பிகளிலும் தண்ணீர் நீலமாகவே இருந்தது. அக்காவின் முகம் இறுகிவிட்டது.

சாயப்பட்டறையிலிருந்து வரும் நீலத் தண்ணீரில் ஒரு வெள்ளைத் தூளைப் போட்டுக் கொதிக்க வைத்தால் நிறம் போய்விடும். வெப்பம்தான் அந்த வேலையைச் செய்கிறது. இது அவளுடைய கண்டுபிடிப்பு. கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்கில் தனியாக உழைத்துக் கண்டது. நாளைக் காலை விஞ்ஞானிகள் கூடும் சபையில் அவள் அதைச் சொல்லப்போகிறாள். அவளுடைய செய்முறையை இன்னோர் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தவன் தம்பி. அவளுக்கு அடுத்து எழுந்து, தங்களுக்கு நிறம் போகவில்லை என்று அவன் சொல்லியாக வேண்டும். பொய் சொன்னவர்கள் என்று யாரும் விரல் நீட்டாத குடும்பம் அது.

"உன் கை சரியில்லடா. நீ பால் காய்ச்சினாலே பொங்கி வழியும்."

"பாலை விடுக்கா. உன் கையில மட்டும் வந்தா அது வித்தை. என் கையிலயும் வந்தாத்தான் அறிவியல். இப்ப செஞ்சு காட்டு."

"என்னையே சந்தேகப்படுறியா?"

"நாளைக்கு நாலு பேர் படுறதுக்கு முன்னாடி நான் படுறேன்."

அவள் தூளைத் தராசில் நிறுத்தாள், நீலத் தண்ணீரில் போட்டாள், கொதிக்க வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் தலையாட்டினான். அவனுடைய ஆய்வுக்கூடத்திலும் அப்படியேதான் செய்திருந்தார்கள். பிறர் பார்க்க அவள் வேலை செய்தது இதுவே முதல் தடவை. குடுவையைத் துணியால் பிடித்துத் தூக்கினாள்.

"எங்க கொண்டுபோற?"

"ஆற வைக்க."

"ஜன்னல்லயா?"

"பின்ன? மேசையில இடம் எங்க இருக்கு?"

"ஆற வைக்கவும்னுதானே எழுதியிருந்த. நாங்க குளிர்பெட்டியில வச்சோம்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஜன்னல் திண்டில் வெயில் பளீரென்று விழுந்து கிடந்தது. பிறகு கொதித்த தண்ணீரில் பாதியை வேறு குடுவையில் ஊற்றி இருட்டான அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மீதியை வெயிலில் வைத்தாள். இருவரும் உட்காரவில்லை. மேகம் ஒன்று வந்து வெயிலை மறைத்தபோது தம்பி நகத்தைக் கடித்தான். மேகம் விலகியது. நீலம் மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் ஜன்னல் கம்பி தண்ணீர் வழியே தெரிந்தது.

அலமாரியைத் திறந்தாள். உள்ளே இருந்த தண்ணீர் நீலமாகவே இருந்தது.

"அப்போ சூடு இல்ல," என்றாள் அக்கா. "வெயில்தான்."

"வெயில்ல வைக்கணும்னு ஒரு வார்த்தை சேத்துடுக்கா. காரணம் தப்புன்னு யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல? உனக்கும் தெரியும். நம்ம வீட்டுப் பிள்ளை பேசுற பேச்சாடா இது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சூடுன்னு நான் சொன்னது தப்புன்னு முதல்ல நானே சொல்லிடுறேன். அது தெரிஞ்சது உன்னாலன்னும் சொல்லுவேன். ஆனா தூளைப் போட்டு, கொதிக்க வைக்காம வெறும் வெயில்ல வச்சா என்ன ஆகும்னு கேப்பாங்க. இங்க நான் வைக்கிறேன். உங்க மாடியில நீ வை. வெயில் சாயுறதுக்குள்ள ஓடு."

யாரையும் தொடவிடாத தூள் டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"மூடியை இறுக்கிப் பிடி. பால் மாதிரி வழிய விட்டுடாத."