சரியான பதிலை மூன்றாவதாக வை

எங்கள் இணையத் தேடல் கம்பெனிக்கு வந்தது வளர இடமில்லாத நோய். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் எதைத் தேடினாலும் ஏற்கெனவே எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தார்கள். இனிப் புது ஆள் வேண்டுமென்றால் யாராவது பிள்ளை பெற்று, அது போனைத் தொடும் வயது வரைக்கும் காத்திருக்க வேண்டும். பங்கு வாங்கியவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

அதனால் வளர்ச்சிப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, என் மைத்துனனை அதற்குத் தலைவனாகப் போட்டார்கள். என் மனைவியின் தம்பி, வாயுள்ள பிள்ளை. அவனைக் கம்பெனிக்குள் கொண்டுவந்தவனே நான்தான். நான் தரப் பிரிவு. ஒன்பது வருடமாகப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, இரண்டு லட்சம் கேள்விகளுக்கு எந்தப் பக்கத்தில் சரியான பதில் இருக்கிறது என்று கண்ணால் படித்துக் குறித்து வைத்திருந்தோம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று ஒருவர் தேடினால், முதல் வரியிலேயே அவர் வேலை முடிய வேண்டும். முடிந்ததும் எங்களை மறந்துவிட்டுப் போக வேண்டும். என் பிழைப்பும் கர்வமும் அதுதான்.

ஒரு நாள் மைத்துனன் அந்தப் பட்டியலைக் கேட்டு வந்தான்.

"எதுக்குடா?"

"பதிலை இன்னும் நல்லாக்கத்தான் அத்தான். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

வேறு எவன் நீட்டியிருந்தாலும் காகிதத்தின் பின்பக்கம் வரை திருப்பிப் பார்த்திருப்பேன். நீட்டியது வீட்டு ஆள். போட்டுவிட்டேன். பேரம் பேசியே சோறு தின்ற குடும்பத்தில் பிறந்தவன் செய்கிற காரியமா அது?

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

"அத்தான், உங்க அப்பா ஜவுளிக்கடையை எப்படிப் பெருசாக்கினாரு? அந்தத் தெருவுல இருந்ததே நானூறு வீடுதானே?"

எங்கே சொறிந்தால் எனக்குச் சுகம் என்று அவனுக்குத் தெரியும். சொன்னேன். கேட்ட துணியை அப்பா உடனே எடுக்க மாட்டார். நீலம் கேட்டால் பச்சையை விரிப்பார், அப்புறம் சாம்பல். நீலம் மேல்தட்டில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் போக வேண்டியவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, நீலத்தோடு பச்சையும் வாங்கிக்கொண்டு போவார்.

"பாவமில்லையா?" என்றாள் என் மனைவி.

"என்ன பாவம்? வந்தவங்க பாதி விலைக்குக் கேட்டாங்களே! ரெண்டு பக்கமும் தெரிஞ்சு ஆடின ஆட்டம் அது. எங்ககிட்ட தேடுறவங்க அப்படியா? கண்ணை மூடிக்கிட்டு நம்பி வர்றாங்க."

"கரெக்ட் அத்தான்," என்றான் மைத்துனன். "மேலிடத்துல யாரோ பதிலை இழுத்தடிக்கலாம்னு சொல்றாங்களாம். வியாழக்கிழமை மீட்டிங். நான் உங்க பக்கம்தான், கவலையை விடுங்க."

நான் நிம்மதியாகக் கை கழுவப் போனேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் தலைவி வந்து உட்கார்ந்தார். யார் பேசினாலும் முப்பது செகண்டுக்கு மேல் கேட்க மாட்டார் என்பதால் அவருக்கு முப்பது செகண்ட் என்றே பட்டப்பெயர். திரையில் மைத்துனன் போட்ட முதல் வார்த்தை: மேல்தட்டுத் திட்டம்.

சரியான பதிலை மூன்றாவதாக வை. முதலிரண்டும் கிட்டத்தட்ட சரியாக இருக்கட்டும். ஆள் சலித்துக்கொண்டு வேறு வார்த்தை போட்டு மறுபடி தேடுவார். ஒரு தேடல் இரண்டாகும். விளம்பரமும் இரண்டு முறை கண்ணில் படும். நூற்றுக்கு இரண்டு பேரிடம் மூன்று வாரமாகச் செய்தே பார்த்துவிட்டார்கள். திரையில் தேடல் எண்ணிக்கையின் கோடு ஜம்மென்று ஏறியிருந்தது.

எது சரியான பதில் என்று தெரிந்தால்தானே அதைக் கீழே இறக்க முடியும்? அதற்குத்தான் என் பட்டியல்.

எழுந்தேன். "இது நடக்கக் கூடாது," என்றேன்.

"நம்பர் ஏறியிருக்கே," என்றார் முப்பது செகண்ட்.

"ரெண்டாவதாவது வைங்க."

"மூணாவதா வச்சாத்தான் ஏறுது அத்தான்," என்றான் மைத்துனன், மிகவும் வருத்தமாக.

சரக்கு கைவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியதையாவது காப்பாற்றப் பார்த்தேன். "உடம்பு சரியில்லாம தேடுறவங்க இருக்காங்க. மருந்து, விஷம், ஆஸ்பத்திரி. அதுல மட்டும் கை வைக்காதீங்க."

அவன் உதட்டைக் கடித்தான். கூரையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "சரி அத்தான். உங்களுக்காக."

ஏதோ ஜெயித்தவன் போல உட்கார்ந்தேன்.

வெளியே வரும்போது கூட்டக் குறிப்பைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். இந்த முறை அடி வரைக்கும் படித்தேன். 'நோய், மருந்து பற்றிய கேள்விகளுக்கு விலக்கு அளித்து, தரப் பிரிவு ஒப்புதல்.' கீழே என் பெயர், புள்ளிக்கோடு. மூலையில் அச்செடுத்த நேரம்: காலை ஒன்பது பத்து.

மைத்துனனை நடையில் பிடித்தேன். "நான் பேசினதே பதினொரு மணிக்குடா. இது எப்படிக் காலையிலேயே?"

"கோச்சுக்காதீங்க அத்தான். அக்காகிட்ட கேட்டேன்."

"என்னன்னு?"

"நீங்க எதுல இறங்கி வருவீங்கன்னு. 'முதல்ல குதிப்பாரு, நோய் மருந்தை மட்டும் விட்டுக்கொடு, உட்கார்ந்துடுவாரு'ன்னா. ஞாயித்துக்கிழமை, நீங்க கை கழுவப் போனப்ப."

ஒருவனுடைய கடைசி விலை எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நடப்பது பேரம் இல்லை, நாடகம். அதில் நான் மூச்சுப் பிடித்து நடித்திருக்கிறேன், வசனம் எழுதியவள் வீட்டில் இருப்பது தெரியாமல்.

கையெழுத்துப் போடவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. 'ஒப்புதல்' என்பதை அடித்துவிட்டு 'கலந்துகொண்டது' என்று மாற்றினார்கள். திட்டம் வரும் திங்கள் முதல் அமல்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மனைவி முதலில் கேட்டது, "மருந்தை விட்டுக்கொடுத்தானா இல்லையா?"

"கொடுத்தான்."

"அப்பாடா! நான் மட்டும் சொல்லலைன்னா அதையும் கொடுத்திருக்க மாட்டான்."

அது உண்மையாகக்கூட இருக்கலாம். அதைக் கேட்ட பிறகு, அவளோடு சண்டை போடக்கூட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.