காற்று எந்தப் பக்கம்

ஓடாத விசிறியெல்லாம் ஃபேன்காரர் கை பட்டால் ஓடும். அவர் வீட்டுச் சமையலறை விசிறி மட்டும் இரண்டு வருடமாகப் படுத்துக்கிடந்தது. அதை விட்டுவிட்டு, மச்சினனின் பழைய காருக்கு ஒரிஜினல் கிடைக்காததால் வெளிக் கம்பெனி ரேடியேட்டரும் இரட்டை ஃபேனும் மாட்டினார்.

இன்ஜினைக் கிளப்பியதும் ஃபேன்கள் சூறாவளியாகச் சுழன்றன. சூடு காட்டும் முள்ளோ இறங்குவேனா என்று ஏறியது.

"நல்லாத்தானே சுத்துது அத்தான், அப்புறம் ஏன் சூடேறுது?" என்றான் மச்சினன்.

கையில் துண்டோடு டீ கொண்டுவந்த மனைவி கார் முன்னால் நின்றாள். "ஏங்க, காத்தெல்லாம் என் மேலதான் அடிக்குது. இன்ஜினுக்கு என்ன மிஞ்சும்?"

ஃபேன்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். விசிறி என்றால் எதிரில் நிற்பவருக்கு வீச வேண்டும் என்று முப்பது வருடம் பழகிய கை, வயரையும் அப்படியே மாட்டிவிட்டது. கார் ஃபேன் முன்பக்கக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும்.

பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றினார். அவள் கையிலிருந்த துண்டு காரின் முன்பக்கக் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது. முள் பெட்டிப்பாம்பாக அடங்கியது.

"கண்டுபிடிச்சதுக்கு என்ன வேணும், கேளு" என்றார் பெருமை குறையாமல்.

அவள் ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் திணித்து, சமையலறையைக் காட்டினாள்.