பெயர் தெரியாதவளுக்கு ஒரு பூசை

கடலூர் முதுநகர் ஆரோக்கியம்மாளுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். 2009 கோடையில் அறுவை முடிந்தது. மிச்சம் மீதி இருந்தால் கல்லீரலுக்குப் பரவிவிடும், ஆறு மாதம் கீமோ ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர். இரண்டு ஊசியோடு ஆரோக்கியம்மாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு மருந்து கண்டுபிடிச்சிட்டா. கைல வெண்ணெய வெச்சிக்கினு நெய்க்கு அலைவாங்களா?" என்றார்.

படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இப்படியும் ஒரு வினை வரும். மகள் ஜெயராணி அண்ணாமலை நகரில் இதே நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தாள். குடலில் இயல்பாகச் சுரக்கும் நியூரோடென்சின் என்ற சின்னப் புரதத் துண்டு, புற்றுச் செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் போய் ஒட்டினால், அந்தச் செல் இடம்பெயரக் கிளம்பிவிடும். ஏற்பியை ஒரு மருந்தால் அடைத்தால் நின்றுவிடும். கண்ணாடித் தட்டில் அது நின்ற அன்று, சந்தோஷம் தாங்காமல் அம்மாவுக்குப் போன் செய்தாள். அவ்வளவுதான்.

அம்மா ஊசியை நிறுத்தியது தெரிந்ததும் ஜெயராணி வீட்டுக்கு ஓடிவந்தாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அம்மா கேட்கவில்லை. கடைசியில் ஆய்வகத்துக்கே அழைத்துவந்து மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தாள்.

செல்களுக்கு நடுவே கீறிவிட்ட கோடு, மருந்து விடாத தட்டில் செல்கள் நகர்ந்து வந்து மூடிப்போயிருந்தது. மருந்து விட்ட தட்டில் அப்படியே இருந்தது. ஆரோக்கியம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"உசுரோட இருக்குதா?"

"இருக்குதும்மா."

"யாருது?"

"வெளிநாட்டுல ஒரு அம்மாவோடது. உனக்கு வந்த அதே நோவு."

"இந்த மருந்துல பொழச்சிக்கினாங்களா?"

"இல்லம்மா. அவுங்க செத்து ரொம்ப வருசமாச்சி. இத இன்னும் எந்த மனுசருக்கும் குடுத்ததில்ல. தட்டுல மட்டும்தான்."

ஆரோக்கியம்மாள் நிமிர்ந்தார். "அவுங்க பேரு?"

"தெரியாதும்மா. நம்பர்தான் இருக்கு."

தட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "பேரு இல்லாம செத்தவங்க பூசைக்கு எப்படி குடுக்கிறது?"

கடலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, "நாளைக்கு ஊசிக்கு போவலாம்" என்றார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்த பங்குச் சாமியார், கடைசியில் "பெயர் தெரியாத ஒரு சகோதரி" என்றார். முடி கொட்டிய தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆரோக்கியம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி மன்றாடினார். அந்த வருடம் வாசித்த பெயர்களில் அம்மாவின் பெயர் சேரவில்லை. அதை நினைத்துப் பக்கத்தில் நின்ற ஜெயராணி அழுதாள்.