மண்வெட்டி இல்லாத வீடு

"நம்ம வீட்டுல மண்வெட்டி இல்லன்னா என்னம்மா, பக்கத்து வீட்டுல தர மாட்டாங்களா?"

ஏழு வயதில் என் அம்மாவிடம் நான் இப்படிக் கேட்டேன். என் பெயர் கோசோக்கோ. எங்கள் யொருபா மொழியில் 'மண்வெட்டி இல்லை' என்று பொருள். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் அம்மா. இனிக் குழி வெட்ட இந்த வீட்டில் ஒன்றும் கிடையாது என்று சாவுக்குக் கேட்கும்படி வைத்த பெயர் அது. உரலில் கிழங்கு இடிப்பதை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "தர மாட்டாங்க. தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்கு இப்போது நாற்பத்தொரு வயது. தையல் தொழில். பிறவியிலேயே என் இரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துகொள்ளும். எலும்புக்குள் போய் அடைத்துக்கொண்டு வலியால் உயிரை எடுக்கும். ஆண்டவர் கிருபையும் இபாதான் நகரத்துப் பெரிய மருத்துவமனையும் என்னைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. அங்கே இந்த நோய்க்கென்றே புதன்கிழமைகளில் டாக்டர்கள் உட்காருகிறார்கள். அதனால் எங்கள் ஊரில் இந்த நோயுள்ள பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் போய்க் கதவைத் தட்டுவேன். "உன் சீக்கை எங்க புள்ள தலையில கட்டாதே" என்று விரட்டுவார்கள். மறுநாளும் தட்டுவேன்.

அஷாக்கேயின் மகள் மலோமோவுக்கு எட்டு வயது. 'இனிப் போகாதே' என்று அவள் பெயருக்குப் பொருள். வலி வரும்போதெல்லாம் அஷாக்கே அவளைத் தன் சபைக்குத் தூக்கிப்போய், அந்தச் சபையார் உடுத்தும் வெள்ளை அங்கியை மாட்டி, ஜெபத்தில் கிடத்திவிடுவாள். ஜெபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் முழங்காலில் நிற்பவள்தான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, கஞ்சி குடிக்கும்போது பிள்ளையின் இடது கையிலிருந்து கரண்டி தானாக நழுவி விழுந்தது என்று கேள்விப்பட்டேன். மூளைக்குப் போகும் இரத்தம் அடைபடுவதற்கு அது அடையாளம். முழுக்க அடைத்தால் கைகால் விழுந்துவிடும். உயிரும் போகலாம்.

சபைக்கே போய் அஷாக்கேயின் கையைப் பிடித்தேன்.

"நாளைக்கு முதல் வண்டி. ஜெபத்த வண்டியிலயும் பண்ணலாம். ஆண்டவரு காதுக்கு இபாதான் தூரமா என்ன?"

"வயித்துல ஒண்ணு இருக்குக்கா. அவ்வளவு தூரம் தனியா…"

"நான் எதுக்கு இருக்கேன்?"

விடிந்ததும் பிள்ளையை அதே வெள்ளை அங்கியோடு, குளிருக்கு முகம்வரை சால்வை மூடி, தோளில் போட்டுக்கொண்டு வேன் நிறுத்தத்துக்கு வந்தாள் அஷாக்கே. வேன் ஓட்டுகிற லாசிசி பார்த்தான். கதவுக்குக் குறுக்கே கையை வைத்தான்.

"பொணம் ஏத்துற வண்டி இல்லம்மா இது."

சால்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "நான் ஒண்ணும் சாகல. தண்ணி குடுங்க."

நிறுத்தமே சிரித்தது. லாசிசி மட்டும் சிரிக்கவில்லை. முன்பு ஒரு நோயாளி அவன் வண்டியிலேயே கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு வெகுநாள் அவன் வண்டியில் யாரும் ஏறவில்லை; அவன் வீட்டில் அடுப்பெரியவில்லை.

"இப்ப சாகல. வழியில? அப்புறம் என் புள்ளைங்க எதத் தின்னும்?" என்று இஞ்சினைக் கிளப்பினான்.

என் தலைத்துணியை அவிழ்த்தேன். எங்கள் பக்கம் தாய் வயதுப் பெண் ஆத்திரத்தில் தலைத்துணியை அவிழ்த்தால் ஆண்கள் நடுங்குவார்கள். வாயைத் திறந்து சபிப்பதற்கு முந்தின படி அது. நான் சபிக்கவில்லை. துணியை உதறி, முன் சக்கரத்துக்கு எதிரே தரையில் விரித்தேன்.

"இது மேல ஏத்திட்டுப் போ, லாசிசி. சாவு வரும், எனக்கும் தெரியும். அது தன் கால்ல நடந்து வரட்டும். இந்தப் புள்ளைக்கு வண்டியில எடம் இல்லன்னு வரக் கூடாது."

ஆரஞ்சு விற்கிறவள் கூடையை இறக்கி வைத்தாள். "நானும் அவுக்கட்டுமாக்கா?"

"ஐயோ, வேணாம் தாயே!" லாசிசி குதித்து இறங்கினான். "ஆளாளுக்கு அவுத்தா என் வம்சமே தாங்காது." இரண்டு கையாலும் துணியை எடுத்து, தூசி தட்டி, குனிந்து என்னிடம் கொடுத்தான். "ஏறுங்க."

ஏற்கெனவே ஏறியிருந்தவர்களில் இரண்டு பேர் பயந்து இறங்கிப் போனார்கள். ஆரஞ்சுக்காரி ஒரு பழத்தை உரித்துப் பிள்ளையின் கையில் வைத்தாள்.

பாதி வழியில் வலி உச்சத்துக்கு ஏறியது. மலோமோ அலறிக்கொண்டே முன் இருக்கையைப் பிறாண்டினாள். உறை கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. போன வாரம்தான் லாசிசி அந்தப் புது உறையை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்திருந்தான்.

"கிழி, பாப்பா, நல்லாக் கிழி," என்றான் திரும்பிப் பார்க்காமல். "பழைய சீட்டுதான்."

மருத்துவமனையில் தலைக்கு ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "இன்னிக்கே ரத்தம் மாத்தி ஏத்தணும்" என்றார். ஏற்றும் இரத்தத்துக்கு ஈடாக இரத்தம் கொடுக்க நாங்கள் ஒருவரைக் கொண்டுவர வேண்டும். அஷாக்கே பிள்ளைத்தாய்ச்சி. என் இரத்தமோ யாருக்கும் ஆகாது. நான் வாசலுக்கு ஓடினேன். திரும்பிப் போயிருக்க வேண்டிய லாசிசி வண்டி அங்கேயே நின்றது.

இரத்தம் கேட்டதும் அவன் ஓரடி பின்னால் போனான். "எனக்கு ஊசின்னா பயங்க்கா." பிறகு சட்டைக் கையைச் சுருட்டினான். "சரி, டீசல் எறக்குற மாதிரின்னு நெனச்சுக்கறேன்."

சாயங்காலம் மலோமோ கரண்டியை இடது கையில் பிடித்துக் காட்டினாள். அது நழுவவில்லை. இனி மாதாமாதம் வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. அஷாக்கே என்னைக் கேட்காமலே தலையாட்டினாள்.

ஊர் திரும்பியபின், வெள்ளிக்கிழமை விடியுமுன் லாசிசி தொழுகைக்குப் போயிருந்தான். அவன் வண்டிப் பூட்டு என்றோ கெட்டுப்போனது. நான் உள்ளே ஏறி, பஞ்சை அடைத்து, கொண்டுபோன உறையை மாட்டி, ஓரம் தைத்தேன். நீலச் சாயமிட்ட கெட்டித் துணி. சக்கரத்துக்கு முன்னால் விரித்த அதே துணி. பள்ளிவாசலிலிருந்து செருப்புச் சத்தம் கேட்பதற்குள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வெறுந்தலையோடு வீட்டுக்கு நடந்தேன்.