கணக்கில் வராத முப்பத்தெட்டு கிலோமீட்டர்

என் கணவருக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு உடைந்தது காட்டிலோ மலையிலோ இல்லை, எங்கள் வீட்டுக் குளியலறையில். ஒரு சோப்புத் துண்டு போதுமானதாக இருந்தது. இரண்டு வருடமாக என்னோடு சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டி ஒரு கீறல்கூடப் படாத மனிதர். யாராவது விசாரித்தால் மலை இறக்கத்தில் விழுந்ததாகச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். பாவமென்று நானும் அப்படியே சொல்லி வைத்தேன்.

எலும்பு எப்படியும் ஒட்டிவிடும். ஒன்பது வாரத்தில் வரவிருந்த பயணம்தான் எனக்குக் கவலை. ஏரிக்கரை ஊர் ஒன்றில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, காடு, குன்று, மூன்று ஏரி, பழைய ஊர்கள் எல்லாம் தாண்டி, மலைமேல் இருக்கும் கோட்டை ஊரை மாலை ஆறரைக்குள் அடைய வேண்டும். நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். தார் ரோடு பேருக்குத்தான், மற்றதெல்லாம் சரளையும் மண்ணும். காட்டுக்குள் போன் எடுக்காது என்பதால் தனி ஆளை விட மாட்டார்கள். இரண்டு பேராகத்தான் பதிவு செய்ய வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவர் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரை மாத்த முடியுமா? முடியும்னா நான் வர்றேன்."

அத்தைக்கு அப்போது அறுபத்தொரு வயது. பஸ் பணிமனையில் இருக்கை தைக்கும் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, முட்டிவலிக்கு நல்லது என்று டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். மூன்று வருடமாகத் தினமும் காலையில் வாய்க்கால் ஓரமாகப் போய்வருவார். எவ்வளவு தூரம் போகிறார் என்று நான் கேட்டதே இல்லை. எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இரண்டு விருந்தாளிகள் மாதிரி, "சாப்பிட்டியாமா", "ஆச்சு அத்தை" என்பதோடு ஆறு வருடம் ஓடியிருந்தது.

வாய்க்கால் ஓரம் தினமும் முப்பது கிலோமீட்டர் போகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கணவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை கீரையை அலசப் போய்விட்டார்.

என் கணவர் நல்ல உயரம், அது அம்மாவிடமிருந்து வந்தது. அவருடைய சைக்கிளில் சீட்டை இரண்டு விரற்கடை இறக்கியதும் அத்தைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே குன்றுப் பக்கம் பழகினோம். ஏற்றத்தில் அவரை அசைக்க முடியாது. ஒரே சீராக, மாவு மிஷின் மாதிரி மிதிப்பார். இறக்கம் வந்தால் மட்டும் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நத்தையாக இறங்குவார். சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு சின்னப் பையை ரெக்சினில் அவரே தைத்துக்கொண்டார். எனக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். கடையில் வாங்கியதைவிட அது நன்றாக இருந்தது. அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று காலை ஏரிமேல் பனி படர்ந்திருந்தது. முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள், பாதிப் பேர் அத்தையின் பேரன் வயதில். கொடி அசைந்ததும் எல்லோரும் கொக்குக் கூட்டம் மாதிரிப் பறந்துவிட்டார்கள். நாங்கள் எங்கள் வேகத்தில் போனோம். ஊசியிலைக் காட்டுக்குள் பாதை மெத்தை போட்டதுபோல் இருந்தது. டயர் சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது ஏரியைச் சுற்றிக்கொண்டு மணிக்கூண்டு ஊருக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். நாற்பத்தாறு கிலோமீட்டர். அங்கே எங்கள் வருகை அட்டையில் முத்திரை குத்தியவர், எங்களுக்கு இன்னும் கால் மணி நேரம் கையிருப்பு இருப்பதாகச் சொன்னார். அத்தை ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, தோலைப் போடக் குப்பைத்தொட்டி தேடுவதில் அதில் ஐந்து நிமிடத்தைச் செலவழித்தார்.

அடுத்த ஏற்றம் பெரியது. உச்சிக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. கீழே இறக்கம் நீளமாக, வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அத்தை மெதுவாகத்தான் வருவார், நான் கீழே போய் நிற்கிறேன் என்று பிரேக்கை விட்டேன். நல்லாத்தான் போனேன். பாதித் தூரத்தில் அரிவாள் மாதிரி நின்ற ஒரு கல்லை நான் பார்க்கவில்லை. பின் டயர் 'உஸ்' என்றது. விழாமல் நின்றதே பெரிய விஷயம்.

பஞ்சர் என்றால் பரவாயில்லை, மாற்று ட்யூப் இருந்தது. டயரின் பக்கவாட்டே கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதற்குள் எந்த ட்யூபை வைத்துக் காற்றடித்தாலும் குமிழி மாதிரி வெளியே பிதுங்கி வெடித்துவிடும். நான் பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை தன் நத்தை வேகத்தில் வந்து சேர்ந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தப் பொன்குடத்துக்காகக் காத்திருந்தேன். அவர் தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்தார். கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார். துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி டயரைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள நூல் பின்னல்தான் இருக்கு. தைக்கலாம். நல்ல நூல் இருக்கா உன்கிட்ட?"

நான் பல் மருத்துவமனையில் உதவியாளர். பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் மெழுகு நூல் என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். வீட்டில் அதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். எடுத்துக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்துவிட்டு, இது ரயிலையே கட்டி இழுக்கும் என்றார். தன் பையிலிருந்து வளைந்த ஊசி ஒன்றை எடுத்தார். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அந்த ஊசி இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லையாம்.

பிறகு அந்த ரெக்சின் பையின் மூடியைக் கத்தரித்தார். பார்த்துப் பார்த்துத் தைத்த பை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தத் துண்டை உள்பக்கம் அண்டை கொடுத்து, நூலை நான்காக மடித்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க ஆரம்பித்தார். ஊசி ஏறாத இடத்தில் ஒரு கல்லை வைத்து அழுத்தினார். விரல் நுனியில் ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். நான் டயரை விரித்துப் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இது தாங்குமா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு சீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை பேர் உக்காந்து எந்திரிக்கிறாங்கன்னு தெரியுமா? அதுவே தாங்குது."

முக்கால் மணி நேரம் போனது. டயர் தாங்கியது.

எண்பதாவது கிலோமீட்டரில் ஆற்றின்மேல் பழைய கல்பாலம். இரண்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். நாங்கள் போனபோது இரண்டு இருபத்தைந்து. மேஜையை மடித்துக்கொண்டிருந்த பெண் அதிகாரி கனிவாகத்தான் பேசினார். நேரம் முடிந்துவிட்டதாகவும், சைக்கிளோடு ஏற்றிக்கொள்ள வேன் நிற்பதாகவும் சொன்னார்.

"பாதையை மூடிட்டீங்களா?" என்று அத்தை கேட்டார்.

"இல்லம்மா, அது எல்லாரும் போற பாதைதான். ஆனா இனிமே நீங்க கணக்குல வர மாட்டீங்க. அம்புக்குறி எல்லாத்தையும் கழட்டிடுவாங்க. பதக்கமும் கிடையாது."

அத்தை என் பக்கம் திரும்பினார். "டயர் உன்னோடது. நீ என்ன சொல்றே?"

வேனைப் பார்த்தேன். ஏற்கெனவே ஆறு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். மெத்தை வைத்த சீட்டு. அத்தையின் விரலில் என் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"முழுக்க நனைஞ்சாச்சு அத்தை. இனிமே முக்காடு எதுக்கு?"

அவர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். சட்டையில் குத்தியிருந்த எண் துணிகளைக் கழற்றி, ஊசிகளைத் தனியாக எடுத்து அதிகாரியிடம் கொடுத்தோம். எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போன் எண்ணையும் எழுதிக்கொண்டு, தன் பங்குக்கு இரண்டு ரொட்டித் துண்டுகளைத் திணித்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த முப்பத்தெட்டு கிலோமீட்டரைப் போல் ஒன்றை நான் ஓட்டியதில்லை. விரட்டக் கடிகாரம் இல்லை. மூன்றாவது ஏரிக்கரையில் இறங்கி முகம் கழுவினோம். தண்ணீருக்குள் எதிர்க்கரைக் காடு தலைகீழாக நின்றது. அத்தை பேசிக்கொண்டே வந்தார். தையல் பிரிவில் அவர் சேர்ந்தபோது நாற்பது ஆண்களுக்கு நடுவில் அவர் ஒருத்திதானாம். தடித்த ரெக்சினில் ஊசி இறங்காமல் முதல் மாதம் முழுக்கக் கை வீங்கிக் கிடந்ததாம். ஐந்தாவது வருடத்திலிருந்து சிக்கலான வேலை எது வந்தாலும் அவர் மேஜைக்கு வந்துவிடுமாம். இப்போதும் பஸ் ஏறினால் உட்காருவதற்கு முன்னால் தையலைப் பார்ப்பாராம். இதையெல்லாம் அவர் மகனுக்கே சொன்னதில்லை. யாரும் கேட்டால்தானே என்றார்.

கோட்டை ஊரின் வாசலைத் தாண்டியதும் சந்தைச் சதுக்கம் வரை ஒரே செங்குத்தான தெரு. தரையெல்லாம் உருண்டைக் கல். இருநூறு மீட்டர்தான், ஆனால் பாதிக்குமேல் என்னால் மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ளினேன். அத்தை இறங்கவில்லை. கல்லுக்குக் கல் சைக்கிள் குதிக்க, சின்ன கியரில், ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்ந்து மிதித்துக்கொண்டே போனார். கடிகாரக் கடை வாசலில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று பார்த்தார். அந்த அம்மா யார் என்று என்னைக் கேட்டார்.

"எங்க அத்தை," என்றேன். மூச்சு வாங்கியதால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. இல்லாவிட்டால் பணிமனை, டயர், விரல் எல்லாவற்றையும் அந்தத் தெருவுக்கே சொல்லியிருப்பேன்.

சதுக்கத்தில் பயணம் முடியும் இடத்தில் கட்டியிருந்த வளைவைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மணி ஏழேமுக்கால். தரையைப் பெருக்குகிறவர் ஒருவரும், கட்டுப்போட்ட கையோடு என் கணவரும்தான் அங்கே இருந்தார்கள். நாங்கள் வேனில் வந்துவிட்டதாக நினைத்து அதற்குள் தேடியதாகக் கணவர் சொன்னார்.

அத்தை நீரூற்றுப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கால் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே மகனிடம் சொன்னார்:

"உன் பொண்டாட்டி காலையிலேருந்து ஒரு இடத்துலகூட 'இறங்கிடுங்க அத்தை, போதும்'னு சொல்லலடா. வேற யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க."

ஏழு தடவை அது என் நாக்கு நுனி வரை வந்திருந்தது. ஏழு தடவையும் விழுங்கியிருந்தேன். அதை அவர் கவனித்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

கணவர் என்னைப் பார்த்தார். நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் ஷூவையும் கழற்றினேன்.