அம்மா பெயரைச் சொன்னவள்

இங்கிலாந்தில், கிரிம்ஸ்பி மீன் தொழிற்சாலையில் எங்கள் வரிசையில் நின்றவர்களில் ஷானனுக்கு மட்டும் சம்பளம் அவள் அம்மா கொரினின் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு வங்கி அட்டை கிடையாது. காலணி வாங்குவதென்றாலும் அம்மாவிடம் கேட்க வேண்டும். கொரின் லேசில் கொடுக்கமாட்டாள். "இப்பதானே ஒண்ணு வாங்குன?" என்பாள்.

எல்லாம் ஷானனின் பதினேழு வயதில் ஆரம்பித்தது. கொரினோடு அப்போது கிரெய்க் என்றொருவன் இருந்தான். அவன் கார் விற்ற பணம் வரவேண்டும், என் கணக்கில் வந்தால் அரசு உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள், உன் அட்டையைக் கொடு என்று மகளிடம் கேட்டாள் கொரின். அட்டை வீட்டிலிருந்தது. ஷானன் கல்லூரியிலிருந்து ரகசிய எண்ணைக் கைப்பேசியில் அனுப்பினாள். பதிலுக்கு அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "பேங்க்ல கேட்டா உன் பணம்னே சொல்லு. என் பேர இழுக்காத."

வந்தது கார் விற்ற பணமல்ல. லிங்கன் நகரில் தனியாக இருந்த ஒரு முதியவரிடம், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிச் சுருட்டிய பணம். வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு கிரெய்க் ஊரைவிட்டே போய்விட்டான். வங்கி கேட்டபோது, அம்மா சொல்லிக்கொடுத்தபடியே "என் பணம்தான்" என்றாள் ஷானன். கணக்கை மூடினார்கள். மோசடி செய்தவள் என்று அவள் பெயரில் ஒரு குறியும் வைத்தார்கள். மற்ற வங்கிகளும் பார்க்கிற குறி, ஆறு வருடம் அழியாது. அதன்பிறகு எந்த வங்கியும் அவளைச் சேர்க்கவில்லை.

போன வருடம் தொழிற்சாலை கைமாறியது. இனிமேல் சம்பளம் அவரவர் சொந்தக் கணக்கில்தான் என்றார்கள் புதியவர்கள். குறியை எடுக்கச் சொல்லி ஷானன் பழைய வங்கிக்கு எழுதிப் போட்டாள். அட்டையை யார் பயன்படுத்தினார்கள் என்று அவர்கள் திரும்பக் கேட்டார்கள். அன்று சாயங்காலம் சமையலறையில் அம்மாவிடம் பேச்சை எடுத்தாள்.

"நீயே ரெண்டு வரி எழுதிக் குடும்மா. நான் சின்னப் பொண்ணு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"எழுதிக் குடுத்தா என் கதி என்ன ஆகும்? யோசிச்சியா?"

"என் கதிய நீ யோசிச்சியா?"

கொரின் தேநீர்க் கோப்பையில் பாலை ஊற்றினாள். "இன்னும் ரெண்டு வருஷந்தானே. ஓடிப்போயிடும். அதுவரைக்கும் உனக்கு என்ன கொறைங்கறேன்? சாப்பாடு போடறேன். தலைக்கு மேல கூரை இருக்கு."

"என் சம்பளத்துலதானே போடற?"

"அந்தச் சம்பளம் யாரு கணக்குல வருது? நான் இல்லேன்னா மீன் வெட்டுற பொழப்புகூட உனக்கு இல்ல. அத ஞாபகம் வெச்சுக்கோ."

மறுநாள் இடைவேளையில் எங்களோடு உட்கார்ந்திருந்தபோதே அம்மாவின் அந்தப் பழைய செய்தியை வங்கிக்கு அனுப்பினாள் ஷானன். "அனுப்பிட்டேன்" என்றாள்.

வங்கி மறுத்தது. வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம் போனாள். அதற்குள் வேலை போய்விடுமோ என்று மேலாளரிடம் தவணை கேட்டுக் கேட்டு முகம் வெளிறிவிட்டது. கடைசியில் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. வங்கி வருத்தம் தெரிவித்துக் குறியை எடுத்தது. வேறொரு வங்கியில் கணக்கு திறந்தாள். அட்டை தபாலில் வந்த அன்று கடையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினாளாம். பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றாள்.

அடுத்த மாதம் கொரினின் கணக்கை மூடினார்கள். குறி இப்போது அவள் பெயரில். பள்ளிக்கூடம் பெருக்கித் துடைத்ததற்கான அவள் சம்பளம் வந்த வழியே திரும்பிவிட்டது.

"உன் கணக்குல போடச் சொல்லட்டுமா?" என்று மகளிடம் கேட்டாள்.

"வேண்டாம்மா. அடுத்தவங்க பணத்த வாங்கித்தானே இவ்வளவும் வந்துது."

அது நியாயமான பதில்தான். ஆனால் அதைச் சொன்னபோது உள்ளே சுகமாக இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள் ஷானன்.

நூலகத்தின் பின்னறையில் வாரம் ஒருமுறை கடன் சங்கம் நடக்கும். குறி இருப்பவர்களுக்கும் சில சமயம் கணக்கு கொடுப்பார்கள் என்பது ஷானனுக்கு இப்போதுதான் தெரியவந்தது. ஷானன் அம்மாவை அங்கே கூட்டிப்போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள்.

"உக்காருங்க. துணைக்கு வந்திருக்காங்களே, இவங்க யாரு?"

"என் பொண்ணு" என்றாள் கொரின். "என்னப் பத்திப் புகார் குடுத்தவளும் இவதான். ரெண்டையும் எழுதிக்கோங்க."

அந்தப் பெண் எழுதவில்லை. கணினிப் பக்கம் திரும்பி, முகவரி என்ன என்று கேட்டாள். கொரின் சொன்னாள். "நீங்களும் அதே முகவரிதானா?" என்று ஷானனிடம் கேட்டாள்.

"இந்த மாசம் வரைக்கும்" என்றாள் ஷானன். அம்மாவுக்கு அதுவரை அது தெரியாது.

கணக்கு கிடைத்தது. திரும்பும் பேருந்தில் கொரின் முன் இருக்கையில் போய் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டாள். ஷானன் பின்னால் போய் நின்றாள்.